காசு போட்டால்தான் வெளிச்சமா?

1950-களில் இங்கிலாந்துத் தொழிலாளி வீட்டு மின்மீட்டர் பலவற்றில் ஒரு துவாரம் உண்டு. ஷில்லிங் போட்டால் விளக்கெரியும். காசு தீர்ந்தால் இருட்டு. பாதிச் சாப்பாட்டில் விளக்கணைய, இருட்டில் அம்மா சில்லறை தேடித் தடவியதை அங்குள்ள முதியோர் இன்றும் சொல்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் சிலரோ மீட்டரைத் திருகிவைத்துக் கூடுதல் விலை கறந்தார்கள்!

2021-ல் மத்திய அரசு வகுத்த திட்டம்: 25 கோடி பிரீபெய்ட் மீட்டர்கள். துவாரத்துக்குப் பதில் ரீசார்ஜ், வித்தியாசம் அவ்வளவே.

தோழர்களே, இன்று இரண்டு மாதம் எரித்த பிறகே பணம் கட்டுகிறோம். 2016 முதல் 100 யூனிட் இலவசம். நடவில்லாத மாதத்தில் கூலியே காணாத விவசாயத் தொழிலாளி முன்பணத்துக்கு எங்கே போவான்?

அத்திப்பட்டில் மின்சாரம் தயாராவது நம் ஜில்லாவில்தான். ஆனால் சிப்காட் தொழிலாளி குடியிருக்கும் வாடகை வீடுகளில் அந்த 100 யூனிட்டையும் சப்-மீட்டர் விழுங்குகிறது. அரசு முதலில் அதைத் தடுக்கட்டும்!