செய்திக்குக் கூலி யார் கொடுப்பது?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நடவுக்கு ஆள் கூப்பிடுவதும், மில்லில் ஷிப்டு மாற்றுவதும், சங்கக் கூட்டத்துக்கு அழைப்பதும் இன்று பலவிடத்தும் வாட்ஸ்அப் மூலமே நடக்கின்றன. “இனாமாகக் கிடைக்கிறதே, இதில் என்ன குறை?” என்று கேட்பவர்கள் உண்டு. இனாமாக எதுவும் ஓடுவதில்லை என்பதை உழைப்பாளி மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நாம் அனுப்பும் ஒரு வரி, எங்கோ உள்ள கணினிக் கூடத்துக்குப் போய்த்தான் அடுத்த தெருவுக்கு வருகிறது. பெறுபவரின் போன் அணைந்திருந்தால் அங்கேயே காத்திருக்கிறது. 200 பேர் குழுவில் போடும் ஒரு படம் 200 போனிலும் இறங்க வேண்டும். யந்திரம், மின்சாரம், இரவு பகலாகக் கண்விழிக்கும் ஊழியர் அத்தனைக்கும் செலவு உண்டு.

லாப நோக்கமற்ற சிக்னல் நிறுவனம் 2023 நவம்பரில் தன் கணக்கை வெளியிட்டது. யந்திரக் கட்டுமானத்துக்கு ஆண்டுக்கு 1.4 கோடி டாலர். அதில் சர்வர்களுக்கு 29 லட்சம். புதிதாகச் சேருவோரின் எண்ணைச் சரிபார்க்கும் குறுஞ்செய்திகளுக்கும் அழைப்புகளுக்கும் 60 லட்சம்! யந்திரத்தின் செலவைவிட, டெலிபோன் கம்பெனிகள் வாசலில் நின்று வாங்கும் சுங்கம் இரட்டிப்பு.

தமிழ்நாட்டு ஜோஹோவின் ‘அரட்டை’ செயலியில் 2025 செப்டம்பரில், நாளுக்கு 3,000 பேர் சேர்ந்தது போய், மூன்றே நாட்களில் 3,50,000 பேர் சேரலானார்கள் என்று ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். யந்திர பலத்தை அவசர அவசரமாகக் கூட்ட வேண்டியதாயிற்று.

இந்தப் பாரத்தை நீண்ட காலம் சுமக்க வல்லவன் பெருமுதலாளிதான். சுமப்பதும் தர்மத்துக்கல்ல. 2014ல் பேஸ்புக் 1,900 கோடி டாலர் விலை பேசி வாட்ஸ்அப்பை வாங்க முன்வந்தபோது, அங்கே இருந்த ஊழியர் 55 பேர். உபயோகித்தவர்கள் 45 கோடிப் பேர். விலை எதற்கு? அந்த 45 கோடி ஜனங்களின் ஒட்டுறவுக்குத்தான். 2016ல் ஆண்டுச் சந்தாவையும் நீக்கினார்கள். இன்று வியாபார நிறுவனங்களிடம் செய்திக் கட்டணமும் விளம்பரக் காசும் வாங்குகிறார்கள். வியாபாரி அதைச் சரக்கின் விலையில் ஏற்றினால், கொடுப்பவர் யார்?

கூடத்தின் சாவி ஒருவன் கையில் இருந்தால் வேறு அபாயமும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு தவறால், உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் வாட்ஸ்அப் நின்றது.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. வில்லியனூரில் போட்ட தபால் எந்த ஊருக்கும் போவதுபோல, ஒரு செயலியின் செய்தி மற்றொரு செயலிக்கும் போக வேண்டும். யூ.பி.ஐ. பணத்துக்கு இது சாத்தியமாகியிருக்கிறது. ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டு வாட்ஸ்அப்பின் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறது. இந்திய சர்க்கார் ஏன் தயங்க வேண்டும்? அதுவரை, வேலை அறிவிப்பு எதையும் போனில் மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது. அறிவிப்புப் பலகையிலும் எழுத வேண்டும். செய்தி வராத நாளுக்கு ஒரு பைசாக் கூலியும் பிடிக்கக் கூடாது.

இக்கோரிக்கைகளை ஒவ்வொரு மில் வாசலிலும் ஒவ்வொரு சேரியிலும் விவாதிக்குமாறு வேண்டுகிறோம்.