அனுமன் உப்புக்கொத்தி சொன்ன சேதி: கடலோரப் பறவைகளின் மரபணுவில் பிஎச்.டி. செய்ய என்ன வழி?

ராமர் பாலத்தை ஒட்டிய மணல்திட்டுகளில், உப்பளக் கரைகளில் குடுகுடுவென ஓடித் திரியும் ஒரு குட்டிப் பறவை 2023-ல் செய்தியானது. 1915-லேயே அதற்கு 'சீபோமி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால், பல நாடுகளில் காணப்படும் கென்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினம் என்ற கணக்கிலேயே பல பத்தாண்டுகள் இருந்தது. 'பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு' என்பதே காரணம்.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சீன, பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து டி.என்.ஏ.வைப் பார்த்தபோது கதை மாறியது. இரண்டும் பிரிந்து சுமார் 12 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. உடலளவு, இறக்கை நீளத்திலும் வித்தியாசம் இருந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இந்தப் பறவை தனி இனமானது. வைத்த பெயர், அனுமன் உப்புக்கொத்தி.

பேர் மாறினா என்ன ஆகும்?

நிறைய ஆகும். ஐரோப்பாவில் இருந்து கிழக்காசியா வரை பரவிய இனத்தின் ஒரு பகுதி என்றால், இங்கே எண்ணிக்கை குறைந்தாலும் உலகக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. தனி இனம் என்றால் அதன் மொத்த உலகமே இந்தச் சிறு பகுதிதான். வெறும் மணலில் முட்டையிடும் பறவை இது. கரையில் ஓடும் வண்டி, தெருநாய், கடற்கரைக் கட்டுமானம் என எல்லாமே அதற்கு நேரடி ஆபத்து. எதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பட்டியல் ஆய்வகத்தில் தொடங்குகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

சூழலியல் மரபணுவியல் என்றால் என்ன?

ஒரு உயிரினத்தின் முழு மரபணுத் தொகுப்பையும் வாசித்து, அது வாழும் சூழலோடு பொருத்திப் பார்க்கும் துறை. இறக்கை நரம்பில் இருந்து எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். உதிர்ந்த இறகு, அருங்காட்சியகத்தில் உள்ள பழைய பறவையின் கால்தோல் கூட உதவும். பறவையின் மரபணுத் தொகுப்பு மனிதனுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வாசிக்கும் செலவும் ஒப்பீட்டளவில் குறைவு.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் உள்ள சால்ட்மார்ஷ் குருவி இதற்கு நல்ல உதாரணம். கடலோர உப்புச் சதுப்பில் மட்டுமே கூடு கட்டும். பெரிய அலையேற்றம் வந்தால் கூடு மூழ்கும். அடுத்த ஏற்றத்துக்குள், நான்கே வாரத்தில், குஞ்சு பொரித்து வெளியேறிவிட வேண்டும். கடல்மட்டம் உயர உயர அந்த அவகாசம் சுருங்குகிறது. 1998 முதல் 2012 வரை இதன் எண்ணிக்கை ஆண்டுக்கு சுமார் 9 சதவீதம் சரிந்தது. பக்கத்து இனமான நெல்சன் குருவியோடு இது கலந்தும் இனம்பெருக்குகிறது. உப்பைத் தாங்கும் திறன் எந்த மரபணுக்களில் இருக்கிறது, கலப்பில் அது நீடிக்குமா, தொலையுமா என்பதை ஆராய்ந்து பலர் முனைவர் பட்டம் பெற்றிருக்கிறார்கள்.

நம்ம கரையில் என்ன கேள்விகள்?

குளிர்காலத்தில் வலசை வரும் கென்டிஷ் உப்புக்கொத்தியும், இங்கேயே தங்கும் அனுமன் உப்புக்கொத்தியும் எங்கெல்லாம் சந்திக்கின்றன, கலக்கின்றனவா? தமிழகக் கரையில் கூடு கட்டுபவை இலங்கைப் பறவைகளோடு ஒரே கூட்டமா? கோடியக்கரைக்கு வரும் உள்ளான்கள் எந்த வடபுலத்தில் பிறந்தவை? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. ஆனால், வளையம் பதில் சொல்ல வேண்டுமானால் அதே பறவை இன்னொரு இடத்தில் யார் கண்ணிலாவது பட வேண்டும். மரபணுவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

எங்கே படிக்கலாம்?

ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் லேகோன்ஸ் ஆய்வகம், பெங்களூரு என்.சி.பி.எஸ்., டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், கோவை சாகோன் ஆகியவை கவனிக்க வேண்டியவை. திருப்பதி ஐசர் குழுவினரின் சோலைக்காட்டுப் பறவைகள் ஆய்வு 2017-ல் இரண்டு புதிய பேரினங்களைத் தந்தது. அவை மலைப்பறவைகள் என்றாலும் முறை ஒன்றுதான். 'கடலோரப் பறவை மரபணு' என்றே விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பரிணாம மரபியல், வனவிலங்கு மரபியல் ஆய்வகங்களில் சேர்ந்து, பறவையைத் தலைப்பாக எடுப்பதே நடைமுறை.

தகுதி, தேர்வு, பணம்?

உயிரியல் சார்ந்த முதுகலைப் பட்டம் வழக்கமான பாதை. யுஜிசி-யின் 2022 விதிகளின்படி, 4 ஆண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீத மதிப்பெண் எடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம். சி.எஸ்.ஐ.ஆர். - யுஜிசி நெட் தேர்வில் உயிர் அறிவியல் பாடம் பொருந்தும். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வும் இன்னொரு வாசல்.

அமெரிக்காவில் முறை வேறு. முதலில் பேராசிரியருக்கு மின்னஞ்சல், பிறகுதான் விண்ணப்பம். உதவித்தொகை பெரும்பாலும் அவரது திட்ட நிதி அல்லது கற்பிக்கும் பணி வழியாக வரும்.

சேர்வதற்கு முன் தெரிய வேண்டியது

சேற்றில் நிற்கும் நாட்களைவிட கணினி முன் உட்காரும் நாட்கள் அதிகம். லினக்ஸ், ஆர், பைத்தான் பழகாமல் முடியாது. பறவையைப் பிடிக்க, ரத்தம் எடுக்க வனத்துறை அனுமதி கட்டாயம். மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வுக்கு அனுப்ப பல்லுயிர்ச் சட்ட விதிகளும் உண்டு. அனுமதி தாமதமானால் ஒரு வலசைப் பருவமே, அதாவது ஒரு வருஷமே போகும். பிஎச்.டி. காலம் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக 6 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

முடித்தபின் நிரந்தர ஆய்வுப் பணியிடங்கள் குறைவு. அதே நேரம் மரபணுத் தரவை அலசத் தெரிந்தவர்களுக்கு மருத்துவம், வேளாண்மை, தடயவியல் துறைகளிலும் வேலை உண்டு.

ஆர்வம் உள்ளவர்கள் இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்கலாம். அருகில் உள்ள கழிமுகத்தில் பறவைக் கணக்கெடுப்பில் சேருங்கள், முதுகலை ஆய்வுத் திட்டத்தை மரபியல் ஆய்வகம் ஒன்றில் செய்யுங்கள். இரண்டிலும் கை பழகியவரைத்தான் இந்தத் துறை தேடுகிறது.