இரண்டாவது பெயரையும் படியுங்கள்

கணிப்பொறியில் இசையமைக்கும் மென்பொருள் ஒன்றைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டை ஓட விட்டதும் அது பட்டென்று மூடிக்கொள்கிறது. மறுபடி திறந்தாலும் அதே கதைதான். உடனே என்ன செய்கிறோம்? "இந்த மென்பொருளே சரியில்லை" என்று அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறோம். அப்படியும் சரியாகாவிட்டால், விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறோம். சேமித்து வைத்த பாடல்களும் சில சமயம் அதோடு போய்விடுகின்றன. இந்தப் பழக்கம் அறிவியல் பயில்வோருக்கு ஏற்றதன்று என்பது என் கருத்து.

மென்பொருளுக்கும் ஒலிக் கருவிக்கும் இடையே 'டிரைவர்' எனப்படும் இயக்கி ஒன்று உண்டு. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு விநாடி ஒலி என்பது ஒவ்வோர் ஒலித்தடத்துக்கும் 44,100 எண்களாகும். அவற்றை 256 எண்கள் கொண்ட கட்டுகளாக அனுப்பினால், விநாடிக்கு ஏறத்தாழ 172 தடவை மென்பொருளும் இயக்கியும் கொடுக்கல் வாங்கல் செய்தாக வேண்டும்.

இதைத் தாமதமின்றி நடத்துவதற்காக ஸ்டைன்பெர்க் என்னும் ஜெர்மன் நிறுவனம் வகுத்த முறைக்கு ஆசியோ என்று பெயர். இவ்வகை இயக்கி, இசை மென்பொருளுக்குள்ளேயே ஏற்றப்பட்டு அதன் ஓர் அங்கம்போல் இயங்குகிறது. ஆகவே இயக்கி தவறினால் மென்பொருளும் சேர்ந்து விழுகிறது. நம் கண்ணுக்குத் தெரிவது மென்பொருள் மறைவது மட்டுமே. பழியும் அதன்மேல்தான், அல்லவா?

ஆனால் விண்டோஸ் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. 'ஈவண்ட் வியூவர்' என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். அந்தக் குறிப்பில் இரண்டு பெயர்கள் இருக்கும். முதலாவது, நின்றுபோன மென்பொருளின் பெயர். இரண்டாவது, தவறு நேர்ந்த பகுதியின் பெயர். அங்கே ஒலிக் கருவியின் இயக்கிக் கோப்பு இருந்தால், உங்களுக்கு நல்ல தடயம் கிடைத்துவிட்டது!

தடயம் வேறு, தீர்ப்பு வேறு. ஒரு பகுதி நினைவகத்தைக் கெடுத்து வைக்க, வேறொரு பகுதி அதில் தடுக்கி விழுவதும் உண்டு. எனவே சோதனை செய்ய வேண்டும். அதே மென்பொருள், அதே பாட்டு இருக்கட்டும். ஒலி அமைப்பில் மட்டும் ஆசியோவுக்குப் பதிலாக விண்டோஸின் பொதுவான ஒலிவழியைத் தேர்ந்தெடுங்கள். கோளாறு மறைகிறதா? இனி மீண்டும் ஆசியோவுக்கே மாற்றுங்கள். கோளாறு திரும்பி வருகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் சந்தேகம் இயக்கியின்மேல் வலுக்கிறது. கருவியைத் தயாரித்தவர்கள் தரும் திருத்திய இயக்கியைப் போடலாம்; புதிய இயக்கி வந்த பிறகே தொல்லை தொடங்கியது என்றால் பழையதற்குத் திரும்பலாம்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துத்தானே சோதிக்கிறோம்? வீட்டுக் கணிப்பொறிக்கும் அந்த விதியே பொருந்தும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துப் போட்டால் கோளாறு போனாலும் போகலாம். ஆனால் அது எதனால் வந்தது என்பது தெரியாது. அதே இயக்கியை மறுபடி நிறுவும் நாளில் அதுவும் திரும்பி வந்து நிற்கும்.

அடுத்த முறை ஒரு மென்பொருள் நின்றுபோனால், அதை நீக்குமுன் அந்த இரண்டாவது பெயரைத் தேடிப் படியுங்கள்.