மண்ணுக்குப் பட்ட கடன்

மனிதன் பட்ட கடன்களுள் மண்ணுக்குப் பட்ட கடனே தீர்த்தற்கரியது. அமெரிக்க நாட்டின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில், புதைத்த வேதிக்கழிவு லவ் கால்வாய்க் குடியிருப்பை வாட்டிய செய்தியை 1978இல் உலகம் அறிந்தது. நிலத்தைக் கெடுத்தோரே செலவை ஏற்க வேண்டுமென 1980இல் அங்குச் சட்டம் எழுந்தது. ஆயினும், பழியும் செலவும் தம்மேல் விழுமென அஞ்சி, கைவிடப்பட்ட ஆலை மனைகளை வாங்கப் பலர் தயங்கினர்.

இத்தயக்கத்தை நீக்க வந்ததே சுழல்நிதிக் கடன்; 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உறுதி சேர்த்தது. நடுவண் சுற்றுச்சூழல் முகமை மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் நிதி வழங்கும். அவை மனையைத் தூய்மை செய்வோர்க்குக் கடன் கொடுக்கும். திரும்பி வரும் பணம் அடுத்த மனைக்குச் செல்லும். அம்மனை மாசுபட்டதற்குச் சட்டப்படி பொறுப்பானவர்க்குக் கடன் இல்லை. இவ்விதியே திட்டத்தின் உயிர்நாடி எனலாம்.

நிதியை ஆள்வோர் கை மிக இறுகினால் பணம் பெட்டியில் உறங்கும். மிகத் தளர்ந்தால் முதலே கரையும். வணிக வளாகம் எழும் மனைக்குக் கடன் தகும். ஏழையர் வாழும் பகுதியில் பூங்கா அமைப்போரிடம் தவணை கேட்பது முறையன்று. பொது அமைப்புகளுக்கு மானியம் தரவும் சட்டம் இடமளிக்கிறது. அதனை அங்கே தயங்காது வழங்க வேண்டும் என்பதே நம் துணிபு.

பணத்தைத் திருப்புவது நாணயம். மண்ணைத் தூய்மையாகத் திருப்புவது அதனினும் பெரிய நாணயம் அன்றோ!