மருத்துவ பீடத்தின் வாசலும் மனிதரைப் பற்றிய பாடமும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஒரே கேள்விதான் எழுகின்றது. இம்முறை மருத்துவத்துக்கு எத்தனை பேர்? காத்தான்குடியிலும் கல்லடியிலும், ஏறாவூரிலும் செங்கலடியிலும் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் எண்ணுவது இந்தத் தொகையையே. தெரிவாகிய பிள்ளைகளின் படங்கள் பதாகைகளில் ஏறுகின்றன. அவர்களுக்குக் கற்பித்த ரியூசன் நிலையங்களின் பெயர்களும் அப்படங்களோடு சேர்ந்தே ஏறுகின்றன. அந்தப் பிள்ளைகளின் உழைப்பையும், அவர்களுக்காகத் தம்மை ஒறுத்துக்கொண்ட பெற்றோரின் தியாகத்தையும் நாம் மனமாரப் போற்றுகின்றோம். எனினும், எத்தனை பேர் என்று கேட்கும் நாம், எத்தகைய வைத்தியர்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியையே இன்று வாசகர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

எமது நாட்டில் மருத்துவ பீடத்தின் வாசலைத் திறக்கும் சாவி இசட் புள்ளி ஒன்றே. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய பாடங்களில் ஒரு மாணவர் பெறும் புள்ளி, அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் சராசரியோடு ஒப்பிடப்பட்டு அது கணிக்கப்படுகின்றது. 2001 ஆம் ஆண்டு முதல் இம்முறையே நடைமுறையில் உள்ளது. இதற்கு மேலாக 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கான மேலதிக ஒதுக்கீடு என்ற பங்கீடு உண்டு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆண்டுதோறும் உயர்தரத்துக்கு விண்ணப்பிப்போர் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். மருத்துவ பீடங்களில் இடம்பெறுவோர் சுமார் இரண்டாயிரம் பேர். உயர்தரத்தில் பொதுப் பரீட்சையும் பொது ஆங்கிலமும் இருந்தபோதிலும் அவற்றின் புள்ளிகள் இசட் புள்ளியில் சேர்வதில்லை. சேராத எதையும் ரியூசன் வகுப்பு கற்பிப்பதுமில்லை. மனித மனத்தைப் பற்றியோ, மனிதர் வாழும் சமூகத்தைப் பற்றியோ ஒரு வினாவுக்கேனும் விடையளிக்காமலே ஒருவர் இந்நாட்டில் மருத்துவ மாணவராகிவிடலாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கெட் எனும் அனுமதிப் பரீட்சையில், 2015 ஆம் ஆண்டு முதல் உளவியலுக்கும் சமூகவியலுக்கும் தனிப் பகுதியொன்று உண்டு. 95 நிமிடங்களில் 59 வினாக்கள். மொத்தப் புள்ளியில் நான்கில் ஒரு பங்கு இப்பகுதிக்குரியது. வினாக்களில் ஏறத்தாழ 65 சதவீதம் உளவியல், 30 சதவீதம் சமூகவியல், எஞ்சியது உயிரியல். நோய் உடலில் மட்டும் தோன்றுவதில்லை. வறுமை, குடும்பம், பாகுபாடு, பழக்கம், அச்சம் ஆகியவையும் அதற்குக் காரணமாகின்றன என்பதை வைத்தியராக விரும்புகிறவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பிரித்தானியாவின் யுகெட் பரீட்சையிலும் ஒரு சூழ்நிலையில் வைத்தியர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைச் சோதிக்கும் பகுதி இருக்கின்றது. ஆனால் இந்தியாவின் நீட் தேர்விலோ 720 புள்ளிகளும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகியவற்றுக்கே உரியன. அவ்வகையில் நாமும் இந்தியாவும் ஒரே படகில்தான் பயணிக்கின்றோம்.

அப்படியாயின் எமது பரீட்சையிலும் ஓர் உளவியல், சமூகவியல் வினாத்தாளைச் சேர்த்துவிட்டால் போதுமா? போதாது என்பதே எமது கருத்து. அமெரிக்க அனுபவமே அதற்குச் சான்று. புதிய பகுதி அறிமுகமானவுடன் அதற்கான தனியார் வகுப்புகளும் தோன்றிவிட்டன. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட குறிப்புகளும், ஒரு பக்கத்தில் கலைச்சொல்லும் மறுபக்கத்தில் வரைவிலக்கணமும் அச்சிட்ட அட்டைகளும் மாணவர் கைகளில் நிறைந்தன. கான் அகடமி போன்ற இலவச இணைய வகுப்புகள் வறிய மாணவருக்குக் கைகொடுத்தன என்பது உண்மையே. ஆயினும் சமூகக் களங்கம் என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதத் தெரிந்த மாணவர், காசநோய் வந்ததை அயலாருக்கு மறைக்கும் ஒரு தாயின் முகத்தைப் பார்த்து அதனை உணர்வாரா என்பதை எந்த வினாத்தாளும் அளந்ததில்லை. பரீட்சைக்கு எதைக் கொடுத்தாலும் அதனை மனனமாக்கித் திருப்பித் தரும் ஆற்றல் ரியூசன் தொழிலுக்கு உண்டு. மனிதாபிமானத்தைக் கொடுத்தாலும் அதற்கும் ஒரு கையேடு வந்துவிடும்.

பணம் பற்றிய கேள்வியும் உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் படுவான்கரையில் மிகச் சில. கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ வாழும் ஒரு விவசாயியின் மகள், எழுவான்கரையின் வகுப்புகளுக்கு வந்துபோவதே பெருஞ்செலவு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் பாதை குறுகியது; ஆனால் வகுப்புக் கட்டணம் குறையவில்லை. மூன்று பாடங்களுக்கு வகுப்புத் தேடுவதே இயலாத வீட்டிற்கு நான்காவது பாடமொன்றைச் சேர்ப்பது, கதவில் இன்னொரு பூட்டு மாட்டுவதற்கு ஒப்பாகும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயனை ரியூசன் கட்டணம் ஏற்கெனவே அரித்துவிட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அவ்வாறாயின் உளவியலும் சமூகவியலும் எமக்கு வேண்டியதில்லையா? மிகவும் வேண்டும். எமது மாவட்டத்தின் அண்மைய வரலாறே அதற்குச் சாட்சி.

2020 மார்ச் மாதம், கொரோனாவால் இறந்தவர்களை அடக்கவும் எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. இருந்தும் இலங்கையில் 2020 ஏப்ரல் 11 ஆம் திகதிய வர்த்தமானி மூலம் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீரில் வைரஸ் பரவிவிடும் என்ற அச்சமே காரணமாகச் சொல்லப்பட்டது. பிறந்து இருபது நாட்களேயான ஒரு குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் நோயைவிட வைத்தியசாலைக்கு அதிகம் அஞ்சிய காலம் அது. நோயாளி வைத்தியசாலைக்கு வர அஞ்சினால் தொற்று வீட்டுக்குள்ளேயே பரவும் என்பது மருத்துவத்தின் அரிச்சுவடி. ஆனால் ஒரு சமூகத்தின் அச்சத்தை அளவிடும் கருவி அன்று தீர்மானம் எடுத்தவர்களின் கையில் இருக்கவில்லை. அடக்கம் செய்வதை அனுமதிக்கலாம் என்று மருத்துவத் துறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தவர்களுள் சமூக மருத்துவர்களின் கல்லூரி முக்கியமானது. சமூகத்தைக் கற்பதையே தொழிலாகக் கொண்ட மருத்துவப் பிரிவினர் அவர்கள் என்பது தற்செயலானதன்று.

2021 பெப்ரவரியில் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் மாதம் முதல் நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்கள் எமது மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகருக்குக் கொண்டுவரப்பட்டன. ஓராண்டுக்குள் 3600 க்கு மேற்பட்டோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டனர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், ஏனைய சமயத்தவரும் அந்த மண்ணில் உறங்குகின்றனர். கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை 2024 ஜூலையில் தீர்மானித்தது. விஞ்ஞானம் தெரிந்தவர்கள் மனிதரை அறியாதிருந்தால் விளைவது என்ன என்பதற்கு மஜ்மா நகரைவிடப் பெரிய பாடநூல் வேறில்லை.

இன்னொரு சான்று. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஒரு வழமை உண்டு. தாய்வழியாக வரும் குடி முறையும், மகளுக்கே வீடு கொடுக்கும் சீதன முறையும் அவை. 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதனை விரிவாக எழுதியுள்ளார். எம்மவருக்கோ அது ஆய்வன்று, அன்றாட வாழ்க்கை. 2004 சுனாமிக்குப் பின் வீடுகள் பகிரப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எடுத்துக்கொண்ட அதிகாரிகளால், காலங்காலமாகப் பெண்ணின் பெயரிலிருந்த வீட்டுரிமை பல இடங்களில் ஆணின் பெயருக்கு மாறியது. இந்த மண்ணின் சமூகவியலை அறியாத நல்லெண்ணமும் தீங்கு செய்யும். வைத்தியருக்கும் இது பொருந்தும். இங்கே ஒரு பெண் நோயுற்றால் அவளைப் பராமரிப்பவர் பெரும்பாலும் அவளுடைய தாயும் சகோதரிகளுமே. வைத்தியர் கணவனிடம் மட்டும் மருந்துமுறையை விளக்கி அனுப்பினால், அந்த விளக்கம் வாசற்படியைத் தாண்டாது.

மனத்தின் பாடமும் அவ்வாறே. 1990 ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்தவற்றையும், 2004 டிசம்பர் 26 இல் நாவலடியும் கல்லடியும் கண்டவற்றையும், 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயத்தில் நிகழ்ந்ததையும் தாங்கி வாழும் மக்கள் இவர்கள். இவர்களில் எவரும் வைத்தியர் முன் அமர்ந்து தமக்கு மனச்சோர்வு என்று சொல்வதில்லை. நெஞ்சு எரியுது என்பார்கள். உடம்பு முழுக்க உளையுது என்பார்கள். அதனைக் கேட்டுக் குருதிப் பரிசோதனைக்கு மட்டும் எழுதிக்கொடுப்பவரும் வைத்தியர்தான். நித்திரை வருகிறதா என்று கேட்டு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தொடர்ந்து கேட்பவரும் வைத்தியர்தான். இருவரின் இசட் புள்ளியும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

மனத்தையும் சமூகத்தையும் அறிந்து செயற்படுவதால் உயிர்கள் காக்கப்படும் என்பதற்கும் எமது நாடே உதாரணம். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை வீதம் உச்சத்தைத் தொட்டது. கடும் நஞ்சுள்ள கிருமிநாசினிகள் வயல்வெளி வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே பல கணநேர விபரீதங்களை மரணமாக்குகின்றது என்பதை ஆய்ந்தறிந்து அவற்றை ஒவ்வொன்றாகத் தடைசெய்தபின் அந்த வீதம் பெருமளவு வீழ்ந்தது. மனிதர் எங்கு வாழ்கிறார்கள், எந்த வேளையில் உடைகிறார்கள் என்ற அறிவு அத்தனை உயிர்களைக் காத்தது.

இவ்வறிவைப் பரீட்சை தராது, ரியூசனும் தராது என்றால் எவ்வாறு பெறுவது? நாம் மூன்று யோசனைகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே வீணாகும் நீண்ட காலம். மருத்துவத்துக்குத் தெரிவாகிய மாணவர்களை அக்காலத்தில் சில மாதங்களேனும் கிராமிய வைத்தியசாலைகளிலும், தாய் சேய் சிகிச்சை நிலையங்களிலும், முதியோர் இல்லங்களிலும் தொண்டராகப் பணியாற்றச் செய்யலாம். மட்டக்களப்பு நகர மாணவர் படுவான்கரைக்குச் செல்லட்டும். காத்தான்குடி மாணவர் வவுணதீவிலும், ஆரையம்பதி மாணவர் ஓட்டமாவடியிலும் பணியாற்றட்டும். அதற்குப் புள்ளி வழங்கலாகாது. புள்ளி வழங்கினால் அதற்கும் வகுப்பு தொடங்கிவிடும்.

இரண்டாவது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம். நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வரும் மாணவர்கள் அங்கு ஆங்கிலத்தில் கற்கின்றனர். நோயாளியோ மட்டக்களப்புத் தமிழில் பேசுகின்றார். இப்பிரதேசத்தின் மொழி, குடி வழமை, இரு சமூகங்களின் சமய ஒழுங்குகள், பெண் நோயாளியின் கூச்சம் ஆகியவற்றை முதலாண்டிலேயே கற்பிக்கும் பொறுப்பு அப்பீடத்துக்கு இருக்கின்றது. வந்தாறுமூலையிலுள்ள கலை கலாசார பீடத்தின் அறிவு அதற்குப் பயன்பட வேண்டும். போரின் கடுமையான காலத்திலும் மனநல வைத்தியர் மகேசன் கணேசன் போன்றோர் மட்டக்களப்பில் கட்டியெழுப்பிய சமூக மனநல சேவை, கண்முன்னே உள்ள சிறந்த வகுப்பறையாகும்.

மூன்றாவது, பெற்றோரும் ரியூசன் ஆசிரியர்களும். எமது பிரதேசத்தில் பாடசாலைகள் மட்டுமல்ல, கல்வி வலயங்களும் பெரும்பாலும் சமூக அடிப்படையிலேயே பிரிந்து கிடக்கின்றன. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் அமரும் இடம் பல வேளைகளில் ஒரு பெயர்பெற்ற ஆசிரியரின் இரசாயனவியல் வகுப்பாகவே இருக்கின்றது. ஆனால் இரண்டு ஆண்டுகள் அருகருகே அமர்ந்தும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகாமலே அவர்கள் பரீட்சை எழுதிவிடுகின்றனர். ரியூசனை நாம் எவ்வளவு குறை கூறினாலும், இந்த ஒரு நன்மையை அது தற்செயலாகச் செய்கின்றது. அந்தப் பிள்ளைகள் வகுப்பு முடிந்தபின் பத்து நிமிடம் நின்று பேச இடமளிப்பது பெரியவர்களின் கையில்தான் இருக்கின்றது. நாளை ஒருவரின் தாய் மற்றவரின் விடுதியில் நோயாளியாகப் படுத்திருப்பார்.

தெரிவாகாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் முறையும் எழுதி வெட்டுப்புள்ளிக்குச் சிறிது கீழே நின்றுவிட்ட பிள்ளை, தோல்வியடைந்தவராக வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதை நாம் ஒவ்வோராண்டும் காண்கின்றோம். மனம் பற்றிய முதல் பாடத்தை அந்த வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். தாதியாகவும், உளவளத்துணையாளராகவும், பொதுச் சுகாதாரப் பரிசோதகராகவும் இந்த மண்ணுக்குத் தேவையானோர் அவர்களுக்குள்ளேயே இருக்கின்றனர். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுச் செல்லும் நிலையில், தங்கியிருந்து பணிசெய்யும் ஒவ்வொருவரும் எமக்குச் செல்வமே.

பதாகையில் ஏறிய படம் ஒரு மழைக்காலத்தில் நிறம் மங்கிவிடும். தன் வேதனையைச் சொல்லச் சொற்கள் இல்லாது ஒரு கிழவி வைத்தியர் முன் அமரும்போது, அவர் கதிரையைச் சற்று முன்னுக்கு இழுத்து, "சொல்லுங்க உம்மா" என்றோ "சொல்லுங்க அம்மா" என்றோ கேட்பாராயின், அன்றே எமது பிள்ளை வைத்தியராகிவிட்டார் என்று நாம் பெருமைப்படலாம். அதற்கான வகுப்பை நடத்த வேண்டியது எமது வீடுகளும் இரு சமூகங்களுமே.