குடித்தனம் யாருக்கு?

‘குடித்தனம்’ என்று ஒரு சொல். பண்டிதர்களைக் கேட்டால் இல்லறம், குடும்பம் நடத்துதல் என்று பதவுரை சொல்லி முடித்துவிடுவார்கள். சொல்லுக்குள் இருக்கிற சாதியை மட்டும் பிரித்துக் காட்டமாட்டார்கள்.

மணவூர், திருவாலங்காடு, திருத்தணி பக்கம் வந்து கேளுங்கள். இங்கே ‘குடியானவன்’ என்றால் வெறுமனே ஏர் பிடிக்கிறவன் இல்லை. ஏர் பிடித்தவன் நம்ம ஆளுந்தான். ஆனால் அவனுக்குப் பேர் படியாள். குடியானவன் என்றால் ஊர்த்தெருக்காரன், சாதி இந்து. குடி வேறு, சேரி வேறு. குடியென்றே கணக்கில் சேர்க்காதவனுக்கு ஏதய்யா குடித்தனம்?

இது சொல் விளையாட்டில்லை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை இருக்கிறது. குடிசை நின்ற மண்ணுக்கும் மிராசுதார்தான் சொந்தம் கொண்டாடினார். எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். அந்தக் குடியிருப்பு மனையை அதில் வாழ்கிற விவசாயக் கூலிக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971இல். இடையில் எண்பது வருசம்! அதுவரைக்கும் நம்ம ஆயாவும் தாத்தாவும் நடத்தியது குடித்தனமா, அடுத்தவன் மண்ணில் ஒண்டுதலா?

சரி, நாலெழுத்து படித்து, ரயிலேறிப் பட்டணத்துக்கு வேலைக்குப் போனால்? அங்கேயும் அதே சொல் வாசலில் நிற்கிறது. வாடகைக்கு இருப்பவருக்குப் பேர் ‘குடித்தனக்காரர்’. “நல்ல குடித்தனமா வேணும்.” “சைவமா இருந்தா தேவல.” “சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு?” கறி தின்பதா இவர்களுக்குப் பிரச்சினை? எந்தத் தெருவில் உட்கார்ந்து தின்றாய் என்பதுதான் பிரச்சினை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கரைப் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். படிப்பு வந்தால் சாதி போய்விடும் என்று உபதேசிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

தீண்டாமை காரணமாகக் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். அந்தச் சட்டத்துக்கு இன்று தமிழில் வழங்கும் பேரே குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்தான். வீட்டுக்காரர் லேசுப்பட்டவரா? “இப்பத்தாங்க வேற ஆளுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டோம்” என்று சிரித்தபடி கதவைச் சாத்துவார். சிரிப்பின்மேல் எந்த ஸ்டேஷனில் வழக்குப் பதிவது?

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். “அவளுக்குக் குடித்தனம் பண்ணத் துப்பில்ல” என்று சேரியிலும்தான் சொல்கிறோம். பகலெல்லாம் நாற்று நட்டு, களை பறித்து, பொழுது சாய்ந்து வந்து உலை வைக்கிறவளைப் பார்த்துத்தான் சொல்கிறோம். கூலியைச் சாராயக்கடையில் தொலைத்துவிட்டு வருகிறவனைப் பார்த்து யாரும் இதைச் சொல்வதில்லை. ஊர்க்காரன் நம்மை நிறுத்தி வைத்த இடத்தில் நாம் நம் பெண்களை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஆண் தோழர்கள் கோபப்பட்டாலும் சரி, இது உண்மை.

ஆகவே குடித்தனத்தின் இனிமையைக் கதையிலும் கவிதையிலும் உருகி உருகி எழுதுகிறவர்களிடம் கேட்போம்: எந்த மண்ணில், யார் பேரில் பட்டா, யார் உழைப்பில்? சேரி மனைகளுக்குப் பட்டா வேண்டும். அதில் பெண் பேர் இருக்க வேண்டும். பட்டணத்தில் தெருப்பேர் கேட்காமல் சாவி கொடுக்க வேண்டும். அது நடக்கிற வரைக்கும் குடித்தனம் என்பது எல்லோருக்குமான தமிழ்ச்சொல் இல்லை, அது குடியானவன் வைத்துக்கொண்டிருக்கிற சொல்.