பச்சை கண்டு மயங்கலாமோ?

குற்றாலச் சாரலைப் புகழாத நாவில்லை; பேரருவியில் நனைந்து பூரிக்காத பயணியில்லை. தென்றல் வீசுகிறது, சிற்றாறு சிரித்தோடுகிறது, மலை பச்சைப்பட்டு உடுத்தி நிற்கிறது. ஆனால், தென்காசிச் சமவெளிக்கு இறங்கி வந்து பாருங்கள், தோழர்களே! வெடி வைத்துப் பிளந்த பாறை, வாய் திறந்த குழி, புழுதி படிந்த பனை! புளியரை வழியே கேரளம் நோக்கி உருண்டோடும் கல் லாரிகள்! அருவியைக் காண வருவோர் ஆயிரமாயிரம். குழியைக் காண வருவோர் எவர்?

கல்லே வேண்டாம் என்கிறோமா? இல்லை. பள்ளியும் பாலமும் வீடும் கல்லின்றி எழா. நாம் கேட்பது வேறு. கல்லை எடுத்தவன் காசோடு போன பிறகு, அந்த மண்ணுக்கு மறுவாழ்வு உண்டா?

உண்டு என்று 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. சுரங்கப் பணி முடிந்ததும் குத்தகைதாரர் அந்நிலத்திலும், அப்பணியால் கெட்ட பிற நிலத்திலும் மீண்டும் புல் வளர்க்க வேண்டும். தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் தழைக்கத்தக்க நிலைக்கு அதனைக் கொணர வேண்டும். இதனைக் குத்தகையின் நிபந்தனையாக்குக என ஒன்றிய அரசைப் பணித்தது. அதே மாதம் 16-ஆம் நாள் சுற்றுச்சூழல் அமைச்சகமும் இதனை அனுமதி நிபந்தனையாக்கிக் குறிப்பாணை விடுத்தது.

புல் என்றதும் சிலர் நகைக்கின்றனர். புல்லென்ன, அற்பமா? நிலமில்லாதவனின் சொத்து நாலு ஆடு. அந்த ஆட்டின் சோறு புறம்போக்குப் புல். அந்தப் புல்வெளிக்கு ஏட்டில் வைத்த பெயர் 'தரிசு'! தரிசு என்று எழுதியவன் ஆடு மேய்த்தவனல்லன். உடையவனின் வயல் கெட்டால் வழக்கு. ஏழையின் மேய்ச்சல் கெட்டால் கேட்பார் இல்லை. இதுவோ நீதி?

குழியின் ஓரத்தில் பந்தலிட்டு, மாலை சூடி, நாலு மரக்கன்று நட்டு, நிழற்படம் எடுத்துக்கொண்டால் நிலம் தேறிவிடும் என்போர் உளர். வேள்வி நடத்தினால் மழை பெய்யும் என்பவனுக்கும், விழா நடத்தினால் மண் பிழைக்கும் என்பவனுக்கும் என்ன வேற்றுமை? மந்திரம் மாறியிருக்கிறது, மடமை மாறவில்லை!

"பச்சையாகத்தானே இருக்கிறது" என்பர். எது பச்சை? சீமைக்கருவேலும் பச்சை, உன்னிச்செடியும் பச்சை, பார்த்தீனியமும் பச்சை. பார்த்தீனியத்தைத் தின்று எந்த ஆடு கொழுத்தது? கொழுக்கட்டைப்புல் வந்ததா, அருகு படர்ந்ததா, கொளுஞ்சி முளைத்ததா என்பதன்றோ கேள்வி!

"செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும்" என்பாரும் உண்டு. சென்டினல்-2 பத்து மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கிறது. இலை பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு பசுமையைக் கணிக்கிறது. நல்ல துணைதான். ஆனால் புல்லின் பசுமையையும் களையின் பசுமையையும் அந்தப் பசுமை எண் தனித்தனியே சொல்லாது. சாரல் காலத்து மேகம் மூடினாலோ அதற்குக் கண்ணே இல்லை. வானத்துக் கண் போதாது. மண்ணில் கால் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. ஒரு மீட்டர் நீள அகலத்தில் ஒரு சட்டம். செழித்த இடமாகத் தேடி வைக்காமல், சீட்டுக் குலுக்கி இடங்களைத் தேர்க. கல் நட்டு அடையாளமிட்டு, மழைக்குப் பின்னும் கோடையிலும், ஆண்டுதோறும் அதே இடங்களைப் பார்க்க. வெற்று மண் எவ்வளவு, புல் எவ்வளவு, எத்தனை இனம் எனக் குறிக்க. சட்டத்துக்குள் உள்ளதை அறுத்து, உலர்த்தி, நிறுக்க. அருகில், தோண்டாத மேய்ச்சல் நிலத்திலும் அவ்வாறே அளந்து ஒப்பிடுக. இதற்கு மந்திரமும் வேண்டாம், மாயமும் வேண்டாம்!

அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்க நிலத்துக்கென 1977-இல் சட்டம் வந்தது. பயிர்ப்பரப்பு ஒப்பீட்டு அளவில் 90 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது அதன்கீழ் எழுந்த விதி. பொறுப்பு ஐந்தாண்டு; ஆண்டு மழை 26 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள இடங்களில் பத்தாண்டு. ஏன் பத்து? ஒரு நல்ல மழை எந்தப் பொட்டலையும் பச்சையாக்கிக் காட்டும். அடுத்த வறட்சிதான் உண்மையை உரைக்கும்! மேல்மண்ணை முதல் நாளே ஒதுக்கிக் காக்காதவன், பிறகு வெறும் பாறையில் விதை தூவுவது யாரை ஏய்க்க?

"ஆட்டுக்காரனுக்கு என்ன தெரியும்?" என்று ஏளனம் பேசுவர். வேதம் ஓதும் உரிமை சிலருக்கே என்றனர் அன்று. அளந்து பார்க்கும் அறிவு சிலருக்கே என்கின்றனர் இன்று. எந்தப் புல்லை ஆடு விரும்பும், எதை ஒதுக்கும் என்பதை ஆடு மேய்க்கும் அம்மையைக் கேளுங்கள். பெயரோடு சொல்வார். அவர் சொல்ல, கற்ற இளைஞன் எழுதட்டும், அதுவே அறிவியல்.

இளைஞர்களே! சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தரவேண்டும். அவை பொது ஆவணங்கள் என்கிறது 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் கையில் இருக்கிறது. எழுதிக் கேளுங்கள். புல் வளர்ந்தது என்று ஏட்டில் இருந்தால், சட்டத்தை எடுத்துக்கொண்டு நிலத்துக்குச் செல்லுங்கள். ஏடும் நிலமும் ஒத்தால் மனமாரப் பாராட்டுவோம். ஒவ்வாவிடில், அளந்த கணக்கை ஊர் நடுவே வைப்போம்.

நம்பு என்பது பழைமை. அளந்து பார் என்பது பகுத்தறிவு!